வர்க்கமூலமும் கைக்கணிப்பானும்

கால்குலேட்டர் என்று வழங்கும் கைக்கணிப்பானில் வர்க்கமூலக் குறி பொறித்த பொத்தான் ஒன்றுண்டு. எண்ணைக் கொடுத்து அதனை அழுத்தினால் இமைப்பொழுதில் மூலம் வந்து நிற்கும். எட்டாம் வகுப்பிலே இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்து, வகுத்து, கழித்து, அரைப்பக்கம் நிரப்பிக் கண்ட விடையும் அதுவே. கருவியிருக்க அம்முறை எற்றுக்கு என்பார் ஒரு சாரார். கருவி மதியை மழுக்கும், அதனை விலக்குக என்பார் மற்றொரு சாரார். காரிநாயனார் கணக்கதிகாரத்தைச் செய்யுளாக யாத்த மொழி நம் மொழியாகலின், இவ்வழக்கில் தமிழ் பயிலும் மாணாக்கரும் புகுதல் தகும் என்று கருதி, எமக்குத் தோன்றியதை ஈண்டு உரைக்கின்றோம்.

சேலம், நாமக்கல் சமவெளிகளில் நிலத்தை ஏக்கராலும் சென்டாலும் அளந்து விற்கின்றனர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சதுரமாக அமைந்த ஒரு சென்ட் மனையின் பக்கம் எத்தனை அடி? 435.6-இன் வர்க்கமூலமாகிய 20.87 அடி. புள்ளியை அழுத்த மறந்து 4356 என்று கொடுத்துவிட்டாலோ, கருவி 66 என்று காட்டும். பின்னமற்ற அவ்வழகிய எண்ணைக் கண்டு யார்தான் ஐயுறுவார்? ஆயின் 66 அடிச் சதுரம் ஒரு சென்ட் அன்று, பத்து சென்ட். புள்ளி தவறினால் விடை பத்து மடங்காகும், எளிதில் கண்டுகொள்ளலாம் என்பாரும் இங்கு ஏமாறுவர், 20.87, 66 என்னும் இரண்டிற்கும் இலக்கங்களே வேறு. இருபதை இருபதால் பெருக்கினால் 400, இருபத்தொன்றை இருபத்தொன்றால் பெருக்கினால் 441 என்று மனத்தில் கொண்டவனோ அக்கணமே தவற்றைப் பிடிப்பான்.

முன்னாளில் மடக்கை அட்டவணையைக் கொண்டு மூலம் கண்டோர்க்கு இவ்விழுக்கு எளிதில் நேர்ந்ததில்லை. அட்டவணை இலக்கங்களை மட்டுமே தரும். புள்ளி நிற்குமிடத்தைக் கற்போனே தன் மதியால் நிச்சயித்தல் வேண்டும். 1972-இல் ஹெச்.பி.-35 என்னும் கைக்கணிப்பான் வர்க்கமூலப் பொத்தானுடன் வெளிவந்தது. பின்னர் அத்தகைய கருவிகள் பெருகவே, அட்டவணைகள் மெல்ல ஒதுங்கின. உழைப்புக் குறைந்தது நன்றே. ஆனால் அவ்வுழைப்போடு, விடை எவ்வளவினதாய் இருக்கும் என்று முன்னரே எண்ணிப் பார்க்கும் வழக்கமும் உடன் போயிற்று. நாம் இரங்குவது இதற்கே.

இவ்வழக்கத்தை மீட்டல் அரிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய நகரத்து ஹெரான் உரைத்த முறையொன்று உளது. மூலத்தை உத்தேசமாகக் கொள்க; அதனால் எண்ணை வகுக்க; ஈவையும் உத்தேசத்தையும் கூட்டிப் பாதியாக்குக. 435.6-க்கு 21 என்று கொண்டால் ஈவு 20.7429, இரண்டின் சராசரி 20.8714. ஒரே படியில் வந்த இவ்விடை, உண்மை மூலத்தினின்று ஓரடியில் ஆயிரத்திலொரு கூறும் விலகவில்லை. வர்க்கமூலப் பொத்தானில்லாத கணிப்பானிலும் இதனைச் செய்யலாம்.

பொத்தான் தரும் விடையும் முற்றும் உண்மையன்று. எட்டிலக்கக் கருவியில் 2-இன் மூலம் 1.4142135 என்று வரும். அவ்வெண்ணையே எழுதிப் பெருக்கினால் கிடைப்பது இரண்டு அன்று, 1.9999998 சொச்சமே. அம்மூலத்தின் தசம இலக்கங்கள் முடிவற்றவை. கருவியின் கட்டங்களோ எட்டே.

இனி, நம் பக்கத்துப் பேரறிஞர் ஒருவரை நினைவு கூர்வோம். காவிரிக்கு அப்பால் ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுஜன், நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடியினர். 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்துப் பத்திரிகையில் அவர் ஒரு வினா விடுத்தார். ஒன்றோடு, ஒரு மூலத்தின் இரு மடங்கைக் கூட்டி மூலம் காண்க, அவ்வுள்மூலத்தினுள் ஒன்றோடு மற்றொரு மூலத்தின் மும்மடங்கு, அதனுள் நான்மடங்கு, இவ்வாறு முடிவின்றிச் செல்லும் கோவையின் மதிப்பு யாது? கணிப்பானில் எத்துணை முறை அழுத்தினும் விடை 3-ஐ நெருங்குமேயன்றி, ஏன் 3 என்று உரைக்காது. அதனை உரைப்பது சிந்தனை: 3 என்பது 1+2×4-இன் மூலம், அந்த 4 என்பது 1+3×5-இன் மூலம், அந்த 5 என்பது 1+4×6-இன் மூலம். கோவையின் வழி இதனால் விளங்கும்.

ஆதலின் கருவியை விலக்குக என்று நாம் கூறோம். அதனிடம் அடிமையாதலையும் ஒப்போம். மாணவ நண்பர்காள்! பொத்தானை அழுத்துமுன் விடை எவ்விரு முழுஎண்களுக்கு இடைப்பட்டது என்று மனத்தால் உரைமின். அழுத்தியபின் விடையைத் திரும்பப் பெருக்கிப் பார்மின். இதற்கு ஆகும் காலம் அரை நிமிடம். நாளை நம் ஊரில் நிலம் விற்கும் எழுத்தறியாத் தந்தையர்க்கும் தாயர்க்கும் பக்கத்தில் நின்று, காட்டப்பெறும் எண் மெய்யோ பொய்யோ என்று சொல்ல வேண்டியவர் நாமே. அந்நாளில் கருவி எவர் கையிலேனும் இருக்கலாம். மதி நம்மிடம் இருத்தல் வேண்டும்.