பௌசானியாஸ் எழுதியது கையேடு அன்று

பௌசானியாஸின் 'கிரேக்க விவரணம்' பழங்காலச் சுற்றுலாக் கையேடு என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோகும் வழக்கம் இன்றும் ஓயவில்லை. கோயில், சிலை, கல்லறை, அவற்றின் கதை என அடுக்கிச் செல்லும் பத்துப் புத்தகங்களில் இலக்கியம் எங்கே என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலமோவிட்ஸ் போன்ற ஜெர்மானிய அறிஞர்கள், அவர் நேரில் காணாமல் பிறர் நூல்களிலிருந்து திரட்டினார் என்றே குற்றம் சாட்டினர். அதற்கு மண்ணே மறுமொழி தந்தது. 1877இல் ஒலிம்பியாவின் ஹீரா கோயிலைத் தோண்டியபோது, குழந்தை டயோனிசஸை ஏந்திய ஹெர்மஸ் சிலை அவர் குறித்த இடத்திலேயே கிடைத்தது.

நம் வாதம் அவர் கண்டதைப் பற்றியதன்று. கண்டும் சொல்லாததைப் பற்றியது.

அவர் எழுதியது கி.பி. இரண்டாம் நூற்றாண்டில். கி.மு. 146இல் கொரிந்து நகரம் அழிக்கப்பட்டு முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிரேக்கம் ரோமின் பிடியில் இருந்தது. அக்ரோபோலிஸில் பார்த்தீனனுக்குக் கிழக்கே ரோமுக்கும் அகஸ்டஸுக்கும் எழுப்பிய கோயில் நின்றது. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒலிம்பியாவில் ஹெரோடிஸ் அட்டிகஸ் கட்டிய பெரும் நீர்மாடத்தைப் பற்றியும் இல்லை. கையேடு எழுதுபவன் இவற்றையா விடுவான்?

மாறாக, சிற்றூர் பனோபியஸில் அவர் நின்று பேசுகிறார். சந்தைவெளி இல்லை, அரங்கு இல்லை, உடற்பயிற்சிக் கூடம் இல்லை. இதை நகரம் எனலாமா என்று தாமே ஐயுறுகிறார். ஆயினும் அதற்கு எல்லை உண்டு, ஃபோகிஸ் மக்களின் அவைக்கு அனுப்பப் பிரதிநிதிகள் உண்டு. மனிதரைப் படைத்து மிஞ்சிய களிமண் என்று அவ்வூரார் காட்டும், மனிதத் தோலின் மணம் வீசும் இரண்டு கற்களும் உண்டு. ஆட்சி கைநழுவிய பின் ஒரு மக்களிடம் எஞ்சுவது எது என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிந்த விடை ஏது?

இதைக் கொண்டு அவரை ரோமின் எதிரியாக்கிக் கொண்டாடுவோரையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏதென்ஸைச் சூறையாடிய சுல்லாவைக் கண்டித்தவர், டெல்பியிலிருந்து நீரோ கொண்டுபோன சிலைகள் 500 என எண்ணிச் சொன்னவர், பேரரசன் ஹேட்ரியனை மனமாரப் போற்றவும் செய்தார். அவருடைய மௌனம் கலகம் அன்று, தேர்வு.

அந்தத் தேர்வு குற்றமற்றதும் அன்று. ஏதென்ஸின் குன்றொன்றில் பிலோபாப்பஸின் நினைவுமண்டபம் உள்ளது. கொம்மகேனி அரச மரபினரான அவர் ஏதென்ஸின் குடிமகன், அங்கே ஆர்க்கோன் பதவி வகித்தவர், கி.பி. 109இல் ரோமின் கான்சல். பௌசானியாஸுக்கோ அது ஒரு சிரியருக்குக் கட்டியது, அவ்வளவே; பெயர்கூட இல்லை. பனோபியஸின் களிமண்ணுக்குக் கிடைத்த இடம், தம் காலத்து ஏதென்ஸ் தன் குடிமகனாக ஏற்ற ஒருவருக்குக் கிடைக்கவில்லை.

கையேடு என்போர் இந்த அன்பையும் காண்பதில்லை, இந்த விலக்கலையும் காண்பதில்லை. பயண இலக்கியத்தை இரண்டாந்தரம் என்று ஒதுக்குமுன், இவ்விரு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை வாசித்துவிட்டு வரட்டும். பிறகு வாதிடுவோம்.