தோளில் ஏவுகணை, கடலில் 55 பேர்



நம்ம பக்கத்து வாட்ஸ்அப் குழுவொன்றில் சுற்றும் வீடியோ பற்றித்தான் இந்தப் பதிவு. ஒருவர் தோளில் குழாயை வைத்து ஏவுகணை விடுகிறார், தூரத்தில் ஹெலி எரிந்து விழுகிறது. கீழே "மாஷா அல்லாஹ்", நெருப்பு இமோஜி. போட்டவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. பலர் 1998க்குப் பிறகு பிறந்தவர்கள்.

1998 செப்டெம்பர் 29. பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்த லயன் எயார் விமானத்தைப் புலிகள் மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு விழுத்தினார்கள். 48 பயணிகள், 7 பணியாளர்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். ஏ9 பாதை மூடியிருந்த காலம், கொழும்புக்கு வர விமானம் அல்லது கப்பல்தான். இரத்மலானையில் இறங்கியிருந்தால் வெள்ளவத்தை எவ்வளவு தூரம்?

இந்த ஆயுதம் சுமார் 15 கிலோதான். ஒரு ஆள் தூக்கலாம். எஞ்சினின் சூட்டைத் தேடிப் போகும். உள்ளே இருப்பது சிப்பாயா, ஒப்பரேஷனுக்கு வரும் உம்மாவா என்று அதற்குத் தெரியாது. சுடுபவருக்குத் தெரியும்.

குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்த சனம் இப்படியொன்று தங்கள் பக்கம் இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். 1995 ஜூலையில் நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் ஏப்ரல் 28, 29இல் விமானப்படையின் இரண்டு அவ்ரோக்கள் பலாலிப் பக்கம் விழுத்தப்பட்டன. மூன்று வருடம் கழித்து குறி பயணிகள் விமானம்.

நம்மவர்களும் ஆப்கானில் ஸ்டிங்கர் ரஷ்ய ஹெலிகளை விழுத்திய கதையைப் பெருமையாகச் சொல்வதுண்டு. அங்கேயும் பயணிகள் விமானங்கள் சுடப்பட்டன. இறந்தவர்கள் முஸ்லிம்கள். அந்தப் பாதிக் கதையை ஏன் சொல்வதில்லை?

லயன் எயாரின் சிதைவுகள் 2012இல்தான் கடலடியில் கிடைத்தன. 2014 ஜனவரியில், மீட்ட உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பார்வைக்கு வைத்தார்கள். 15 வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த உடுப்பைப் பார்த்து "இது எங்கட ஆள்" என்று அடையாளம் சொல்ல வேண்டிய நிலை.

அந்த 55 பேரின் குடும்பங்கள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்தால், அவர்கள் விரும்பினால், இந்தச் செப்டெம்பர் 29இல் ஒரு சின்ன நினைவுகூரல் வைப்போம். தமிழ், முஸ்லிம், சிங்களம் எல்லோரும் வரலாம். இடம் பார்த்துத் தர நான் தயார். இன்பொக்ஸில் சொல்லுங்கள்.