கொல்லிமலைக்குப் பை கட்டுறீங்களா?

செமஸ்டர் முடிஞ்சாச்சா? எத்தனை அரியர்னு நான் கேட்க மாட்டேன். நீங்களும் என்னைக் கேட்காதீங்க. நட்புன்னா அதுதான்!

கடைசி பரீட்சை முடிஞ்ச ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு கேள்வி கண்டிப்பா வரும். 'மச்சி, எங்கயாவது போலாமா?' நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் படிக்கிறவங்களுக்குப் பதில் தயாரா இருக்கும். ஏற்காடு ஏற்கெனவே போயாச்சு, ஊட்டிக்குக் காசு பத்தாது... அப்போ கொல்லிமலை! அஞ்சு நிமிஷத்துல முடிவு, பத்து நிமிஷத்துல வண்டி. எப்போ போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்னு மட்டும் ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. நானும் யோசிக்கலை. அதுக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் பெரிசு. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல நீங்க பையைத் திறந்து வைங்க.

எந்த மாசம் போகலாம்?

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையில், நாமக்கல் மாவட்டத்துல இருக்கு. உயரம் 1,000 மீட்டர்ல இருந்து 1,300 மீட்டர் வரை. ஊட்டியில பாதி உயரம்தான். அதனால 'அங்க என்னப்பா பெரிய குளிர்!'னு டி-ஷர்ட்டோட கிளம்புற வீரர்கள் நிறைய. பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தூசு தட்டுங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல நீங்க வேர்த்து வழியும்போது மேல அஞ்சாறு டிகிரி கம்மி. அதோட காத்தும் பனியும் சேர்ந்தா, பல்லு தானா தாளம் போடும்.

டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரை: என்னைக் கேட்டா இதுதான் முதல் சாய்ஸ். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சிருக்கும். அருவியில தண்ணி இருக்கும், ஆனா ஆவேசம் குறைஞ்சிருக்கும். காலையில பனி மூட்டம் சும்மா சினிமா செட் மாதிரி இருக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். சீக்குப்பாறை வியூ பாயின்ட்டுல வெயில் ஏறின பிறகு நின்னு பாருங்க, கீழே ஊரெல்லாம் தீப்பெட்டி தீப்பெட்டியா தெரியும்.

மார்ச்சில இருந்து மே வரை: கீழே அனல், மேலே பரவாயில்லை. ஆனா அருவி பல நாள் நூலா மெலிஞ்சு போயிருக்கும். 'இதுக்கா இத்தனை படி இறங்கினோம்?'னு திட்டிக்கிட்டே வர்றவங்களை நிறையப் பார்க்கலாம். அருவிக்காகப் போகாதீங்க, பலாப்பழத்துக்காகப் போங்க. சீசன்ல சோளக்காடு சந்தையில பலா வாசனை மூக்கைப் பிடிச்சு இழுக்கும். கோடை மழை மத்தியானத்துக்கு மேல திடீர்னு கொட்டும், உஷார்.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை: மலை பச்சைப் பசேல்னு மாறுற காலம். ஆடிப் பெருக்கை ஒட்டி, ஆகஸ்ட் முதல் வாரத்துல செம்மேட்டுல வல்வில் ஓரி விழாவை அரசே நடத்துது. ஓரி யாருன்னு தெரியும்தானே? கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தர். ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு வரிசையா துளைச்சவர்னு புறநானூறு சொல்ற ஆள். விழா பார்க்கணும்னா அப்போ போங்க. அமைதி வேணும்னா அந்த ரெண்டு நாளைத் தவிர்த்திடுங்க. கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம்!

அக்டோபர், நவம்பர்: பொத்திக்கிட்டு வீட்டுல இருங்க. பெருமழையில மலைப் பாதையில மண் சரியலாம். வெள்ளம் வந்தா வனத்துறை அருவிக்குத் தடை போட்டுடும். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே சார், ஒரே ஒரு போட்டோ...'ன்னு கெஞ்சாதீங்க. அந்தத் தடை ஏன்னு எனக்கு இப்போ நல்லாவே தெரியும்.

எழுபது வளைவுக்கு என்ன வேணும்?

அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து சோளக்காடு போற வழியில 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருப்பாங்க. முதல் பத்து வளைவு வரைக்கும் எண்ணிக்கிட்டே கைதட்டுவோம். முப்பதுக்கு மேல பஸ்ல பாதிப் பேர் கண்ணை மூடிடுவாங்க. அம்பதுல ஜன்னலோரம் யாருக்குங்கிறதுல சண்டையே வரும். காரணம் புரியுதில்லை?

அதனால, காலையில பரோட்டா சால்னா வேண்டாம். ரெண்டு இட்லி போதும். ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் இஞ்சி மிட்டாய், ரெண்டு மூணு காகிதப் பை. இது உங்களுக்கு இல்லைன்னாலும் பக்கத்து சீட்டுக்காரருக்கு உதவும். நாமக்கல், சேலம், ராசிபுரத்துல இருந்து பஸ் இருக்கு. புதுசா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவங்க தயவுசெஞ்சு பஸ்ல வாங்க.

பைக்லதான் போவேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டின் அறிவுரை: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை அமுக்கிக்கிட்டே இறங்கினா டிரம் சூடாகி, கடைசி வளைவுகள்ல பிடியே இருக்காது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வர்ற புத்திசாலிகளே, அது மிச்சம் இல்லை. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, வளைவுல ஹாரன் அடிங்க. பனியில ஹை பீம் போட்டா வெளிச்சம் உங்க கண்ணுக்கே திரும்பி வரும், லோ பீம் போடுங்க. போற வழியில குரங்குகளுக்குத் தீனி போடாதீங்க. இன்னைக்கு நீங்க நீட்டுவீங்க, நாளைக்கு அது அடுத்தவர் கையில இருந்து பிடுங்கும்.

ஆயிரம் படிக்கு என்ன வேணும்?

கொல்லிமலையோட ஹீரோ ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல இருந்து ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும். ஐயாறு சுமார் 300 அடி உயரத்துல இருந்து கொட்டுற இடம் அது.

ஒரு கணக்கு போடலாமா? ஒரு படி 15 சென்டிமீட்டர்னு வெச்சா, ஆயிரம் படிக்கு 150 மீட்டர். மூணு மீட்டருக்கு ஒரு மாடின்னா 50 மாடி! லிஃப்ட் கிடையாது. முதல்ல இறங்குறோம், அதனால யாருக்கும் வலி தெரியறதில்லை. வலி எல்லாம் திரும்பி வரும்போதுதான், அதுவும் குளிச்சு, பசிச்சு, ஈரத் துணியோட. பையில போடுற ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்து, 'உன்னை 50 மாடி தூக்குவேனா?'ன்னு கேளுங்க. பாதிப் பொருள் தானா வெளியே போயிடும்.

மிச்சம் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

* நல்லா பிடிக்கிற ஷூ. பாசி படிஞ்ச பாறையில ரப்பர் செருப்பு வழுக்கும், ஹீல்ஸ் பத்திப் பேசவே வேண்டாம்.
* ஸ்டீல் பாட்டில்ல தண்ணி. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேயே தடை பண்ணியாச்சு. ஆனா அருவிக் கரையில இன்னும் கப்பும் கவரும் கிடக்கு. நம்ம பங்கு அதுல சேர வேண்டாமே.
* கடலை மிட்டாய், வாழைப்பழம். ஏறும்போது நடுவுல இதுதான் பெட்ரோல்.
* மெல்லிசா ஒரு துண்டு, ஒரு மாத்து உடை. ஜீன்ஸோட குளிச்சா, ஏறும்போது ரெண்டு கிலோ எக்ஸ்ட்ரா.
* மழைக்கோட்டு. குடை வேண்டாம், காத்து வாங்கிட்டுப் போயிடும்.
* சில்லறையா ரொக்கம். சிக்னல் இல்லாத இடத்துல 'ஸ்கேன் பண்ணவா அக்கா?'ன்னு கேட்டா அன்னாசிப்பழம் கிடைக்காது.
* வழக்கமா சாப்பிடுற மாத்திரை. வீசிங், இதயப் பிரச்னை, மூட்டு வலி இருக்கிறவங்க படியில இறங்காம மேலேயே கோயிலைச் சுத்திப் பார்க்கலாம். அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

இப்போ என் கதை...

போன செப்டம்பர், ஒரு சனிக்கிழமை. நாங்க அஞ்சு பேர். திங்கட்கிழமை எனக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. 'ராத்திரி ரூம்ல உட்கார்ந்து முடிச்சிடலாம்'னு லேப்டாப்பைப் பையில போட்டுக்கிட்டேன். அப்பா தவணையில வாங்கிக் கொடுத்தது, இன்னும் ஏழு மாசம் பாக்கி. ரூம்ல வெச்சா யாராவது எடுத்துட்டா? பையோட ஆயிரம் படி இறங்கினேன். போன், பர்ஸ் எல்லாம் அதுலதான்.

அருவியில அளவான தண்ணி. மேல நீலமா வானம். பையை ஒரு பாறை மேல வெச்சிட்டு இறங்கினோம். அரை மணி நேரம் சொர்க்கம்!

பக்கத்துல குளிச்சிக்கிட்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தர் திடீர்னு தண்ணியைக் கையில அள்ளிப் பார்த்தார். "தம்பிங்களா, வெளியே ஏறுங்க. நெறம் மாறுது" என்றார். எங்களுக்குச் சிரிப்பு. "ஐயா, வெயில் அடிக்குதே?" என்றான் என் ரூம்மேட். அவர் பதிலே சொல்லலை. அவன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஏறிட்டார்.

குனிஞ்சு பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி டீ கலர்ல இருந்தது. இலையும் சுள்ளியும் மிதந்து வந்தது. எல்லாரும் படிப் பக்கம் ஓடினோம். பாதியில எனக்குப் பை ஞாபகம் வந்தது. திரும்பினேன். பத்தடி தூரம்தான். எடுத்துடலாம்னு தோணுச்சு, சத்தியமா எடுத்துடலாம்னுதான் தோணுச்சு. ரெண்டு அடி வெச்சிருப்பேன், பின்னால இருந்து சட்டைக் காலரை யாரோ கொத்தாப் பிடிச்சாங்க. அதே பெரியவர்.

"அதுல உசுரா வெச்சிருக்க?"

அவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள இரைச்சல் மாறிடுச்சு. பையும் இல்லை, பாறையும் இல்லை. செம்மண் தண்ணி மட்டும்தான்.

பிறகுதான் விளங்கிச்சு. அருவியின் அடியில நிக்கிறப்போ நமக்குத் தெரியறது ஒரு துண்டு வானம்தான். மலை மேல பல ஓடை சேர்ந்துதான் ஐயாறு. நமக்குத் தெரியாத எங்கேயோ பெய்யுற மழை, வெயில் அடிக்கும்போதே நம்ம தலையில வந்து விழும். தண்ணி கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ அடுத்த நொடி கரையேறிடணும். எந்த மாசமா இருந்தாலும் சரி.

செம்மேடு வந்து, ரூம்மேட் போன்ல அப்பாவைக் கூப்பிட்டேன். லேப்டாப் போயிடுச்சுப்பான்னு சொன்னேன். எப்படிப் போச்சுன்னும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"இப்ப எங்க நிக்கிற?"

"பஸ் ஸ்டாண்டுல."

"சாப்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். தவணை இப்பவும் கட்டிக்கிட்டிருக்கார். அதைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாகூடப் பரவாயில்லைன்னு இருக்கு. அந்தப் பெரியவர் பேரைக்கூட நான் கேட்டுக்கலை. அவர் துண்டைப் பிழிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டுப் படியேறிப் போயிட்டார்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், மேல சொன்ன பட்டியல்ல எதை மறந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு விதியை மறக்காதீங்க. அப்படியே போட்டுட்டு ஓட முடியாத எதையும் அருவிக்குக் கொண்டு போகாதீங்க. லேப்டாப் ஹாஸ்டல்ல இருக்கட்டும். தங்கச் செயின் அம்மாகிட்ட இருக்கட்டும். போனை, படியிறங்க முடியாம மேல உட்கார்ந்திருக்கிற நண்பன்கிட்ட கொடுங்க. அவனுக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும். பை லேசா இருந்தாத்தான் கால் சொன்ன பேச்சு கேட்கும்.

வர்ற ஜனவரியில நாங்க அதே அஞ்சு பேரும் மறுபடி போறோம். இந்த முறை என் பையில ஒரு துண்டு, ஒரு பாட்டில், ரெண்டு கடலை மிட்டாய். அந்தப் பெரியவரைப் பார்த்தா இந்த முறை பேரைக் கேட்டுடுவேன்.

உங்க பை எப்படி? ஒரு முறை தூக்கிப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!