செய்தி போட்டாச்சுன்னா போதுமா? சங்கு ஊதணும்!



2024 டிசம்பர் 2 விடியக்காலையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்கள் மூழ்கின. பெண்ணையில் பிரிகிற மலட்டாறு கெடிலத்தில்தான் வந்து விழுகிறது. அங்கே பொங்கினால் திருவதிகைக்காரன் நிம்மதியாகத் தூங்க முடியாது.

"சொல்லாமல் திறந்தார்கள்" என்றது எதிர்க்கட்சி. "ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம்" என்றது அரசு. ஐந்து முறை கொடுத்தது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். யார் கைக்குக் கொடுத்தீர்கள்? அவர் முழித்திருந்தாரா? புயலில் கரண்ட் போய், டவர் படுத்து, போன் சார்ஜ் தீர்ந்து கிடந்த ஊரில் குறுஞ்செய்தி யாரை எழுப்பும்? அனுப்பியதற்குக் கணக்கு வைக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததற்கு யார் கணக்கு வைத்தது?

அணையில் திறந்த தண்ணி நம்ம ஊருக்கு வர பல மணி நேரம் ஆகும். மாட்டை அவிழ்க்க, மோட்டாரைக் கழற்றி மேட்டில் வைக்க அந்த நேரம் தாராளமாகப் போதும். அது நமக்குச் சேர வேண்டிய நேரம்!

தானியங்கி எச்சரிக்கை என்று சொன்னால் மட்டும் போதாது, அதை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. இத்தனை கன அடியைத் தாண்டினால் இன்னின்ன ஊருக்கு என்று முன்கூட்டியே பதிந்து வைக்கணும். அதிகாரி கையெழுத்துக்குக் காத்திருக்காமல் அதுவே அடிக்கணும். வி.ஏ.ஓ. கால் மணி நேரத்தில் 'கிடைத்தது' என்று பதில் போடலையா, தாசில்தார் போன் அலறணும். அவரும் எடுக்கலையா, கலெக்டர் வரை போகணும். இன்னொன்று, இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: ஆற்றில் மட்டம் பார்க்கிற கருவி பழுதானால், பேட்டரி செத்தால், அந்தப் பழுதையும் அதுவே சொல்லணும். செத்த கருவியும் சத்தம் போடாது, ஆபத்து இல்லாத கருவியும் சத்தம் போடாது. வித்தியாசம் எப்படித் தெரியும்?

காசில்லை என்று சொல்ல வேண்டாம். 2004 சுனாமியன்று கடலூர் பக்கத்து நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்த ஊர்ப்பிள்ளை ஒருவர் போன் பண்ணினார். தகவல் மையத்து ஒலிபெருக்கியில் கத்தினார்கள், ஊரே ஓடிப் பிழைத்தது. ஒரு போன், ஒரு குழாய், அவ்வளவுதான். தண்டோராவை 2022-ல் அரசே நிறுத்தச் சொன்னது. சரியான முடிவு, அது சாதி இழிவு. ஆனால் அந்த இடத்தில் வைப்பதாகச் சொன்ன ஒலிபெருக்கி ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே இருக்கு?

கரையோர ஊர் ஒவ்வொன்றுக்கும் பேட்டரியில் ஓடும் சங்கு வேண்டும். பருவமழைக்கு முன் ஊர் முன்னிலையில் ஊதிக் காட்ட வேண்டும். அணைத் திறப்பின் அளவும் நேரமும் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும்.

அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறோம். வீட்டுக்கு ஒருத்தர் வாங்க, பொம்பளைகளையும் கூட்டிட்டு வாங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்துக் காட்டின பிறகு கையெழுத்துப் போடுங்க, வெற்றுத் தாளில் போடாதீங்க!