முப்பத்தோராம் நாளுக்குப் பின்



நயீன் ஊர் வாயிலில் நிகழ்ந்ததை நற்செய்தியில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம் (லூக்கா 7:11-17). ஒரு கைம்பெண், அவருடைய ஒரே மகனின் பாடை, உடன்வரும் பெருந்திரள். இறந்தவன் எழுந்த அதிசயத்திலேயே நம் கருத்து நின்றுவிடுவதால், அத்தாய் அன்று எவற்றையெல்லாம் இழந்தார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இறந்தவரின் சொத்து மகனுக்கும், மகன் இல்லையேல் மகளுக்கும், அதன்பின் ஆண்வழி உறவினருக்கும் சேர வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அந்த வரிசையில் மனைவிக்கு இடமில்லை (எண்ணிக்கை 27:8-11). அறுவடையில் மறந்துவிடப்பட்ட கதிர்க்கட்டை அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் விட்டுவிடுமாறு சட்டம் பணித்தது (இணைச்சட்டம் 24:19). ஆகவே மகனை அடக்கஞ்செய்யச் சென்ற அத்தாய், தம் நாளைய உணவையும் அவனோடு அடக்கஞ்செய்யவே சென்றார். உடன்வந்த திரளோ மாலைக்குள் கலைந்துவிடும்.

அவரைக் கண்ட ஆண்டவரின் உள்ளத்து நிலையைச் சொல்ல லூக்கா கையாளும் கிரேக்கச் சொல், குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. “வயிறு பத்தி எரியுது” என்று நம் தாய்மார் சொல்வதற்கு அது மிக நெருக்கமானது. ‘பரிவு’ என்னும் மொழிபெயர்ப்பு சற்றுச் சாதுவானது என்றே எனக்குத் தோன்றுகிறது. “அழாதே” என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. தீட்டுக்கு அஞ்சாது பாடையைத் தொட்டார். எழுந்தவனைத் தம் பின்னே வரும்படி அழைக்கவுமில்லை; தாயிடமே ஒப்படைத்தார்.

நம்மிடையே ஒரு மரணம் என்றால் அயலவர் திரண்டு பந்தல் போடுவர், உணவு சமைத்துக் கொடுப்பர். நல்ல பண்பு அது. அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் முப்பத்தோராம் நாள் கடந்தபின் அவ்வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பவர் யார்?

கரையோரப் பங்கொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், கணவனைக் கடலில் பறிகொடுத்த ஒரு தாய் இருந்தார். மூன்று பிள்ளைகள். முப்பத்தோராம் நாள் திருப்பலியில் நன்கு ஆயத்தஞ்செய்த மறையுரை ஒன்றை ஆற்றினேன். பகல் உணவிலும் கலந்துகொண்டேன். அதன்பின் பல ஞாயிறுகளாக அவர் ஆலயத்துக்கு வரவில்லை. சற்றுக் கண்டிக்கும் எண்ணத்தோடுதான் வீட்டுக்குச் சென்றேன். அன்றைய உணவுக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்திருந்தார். மூத்த மகன் பாடசாலையை விட்டுக் கருவாட்டு வாடியில் வேலை செய்துகொண்டிருந்தான். “செய்யாட்டி ஊர் என்ன சொல்லும், சுவாமி?” என்றார். நானும் உண்ட சோறு அது.

1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஒசானமும் தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் டி போல் சபை, ஏழைகளை அவர்கள் வீட்டிலேயே சென்று சந்திப்பதைத் தன் முதற்பணியாகக் கொண்டது. எங்கள் பங்கில் அதன் அங்கத்தவர் இருவர் வாராவாரம் அத்தாயிடம் சென்றனர். அவர்கள் செபப் புத்தகத்தைத் திறக்குமுன் கடைக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மகன் பாடசாலைக்குத் திரும்ப ஒரு தவணை சென்றது. தாலிக்கொடியை மீட்க இரண்டு ஆண்டுகள்.

முப்பத்தோராம் நாள் நினைவை ஆலய வளவில் தேநீரோடு நிறுத்திக்கொள்ளப் பங்குச் சபை பின்னர் தீர்மானித்தது. சிலர் மனங்கசந்தனர். ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.