விரற்பலகைக்கு எந்தக் கரை?

புடவையின் கரை அழகுக்கும் உதவும். ஓரம் நையாமலும் காக்கும். கிதாரின் விரற்பலகைக்கு இருபுறமும் ஒட்டும் ஓரப்பட்டையும் அத்தகையதே. கிதாரைத் தாமே செய்ய விரும்பும் இளைஞர்கள், எந்த நிறப் பட்டை எடுப்பாயிருக்கும் என்றே முதலில் ஆராய்கின்றனர். மெட்டு தேய்ந்த பின் பழுது பார்ப்பவர் கைக்கு எது இசைவு என்பதையும் அப்பொழுதே எண்ணுதல் நலம்.

வீணையை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் கரித்தூள் கலந்த மெழுகின்மேல் அமர்ந்துள்ளன. வெப்பத்தில் மெழுகு இளகினால் மீண்டும் மேளம் கட்டிக்கொள்ளலாம். கிதாரிலோ மெட்டின் அடித்தண்டு மரத்தை அறுத்த பள்ளத்தில் இறுகப் பதிகின்றது. அதனை இடம் மாற்ற இயலாது; தேய்ந்தால் பிடுங்கிப் புதிது பதிக்க வேண்டும்.

மரம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும், உலோக மெட்டோ அவ்வாறு சுருங்குவதில்லை. மழைக்கால இடுக்கியில் செய்த கிதாரை, மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வறண்ட காற்று வீசும் பாலக்காட்டிற்குக் கொண்டு சென்றால், பலகை அகலத்தில் சுருங்கி, மெட்டு முனைகள் வெளியே நீண்டு விரலைக் குத்தும். தண்டவாள இணைப்பில் இடைவெளி விடுவது வெப்பத்தைக் கருதி. இங்கே கருத வேண்டியது ஈரத்தை.

ஓர அமைப்பு மூவகைப்படும். முதலாவது, பட்டையே இல்லாதது. செய்வதும் பழுது பார்ப்பதும் எளிது. முனை நீண்டால் அரத்தால் தேய்த்துவிடலாம். இரண்டாவது, அடித்தண்டின் முனைகளை நறுக்கி, மெட்டின் தலையை மட்டும் பட்டையின்மேல் படியவிடுவது. பள்ளத்தின் முனை மறையும். அடித்தண்டும் வெளியே நீளாது. மூன்றாவது, மெட்டுப் பட்டைக்கு உட்புறமே முடிய, ஒவ்வொரு முனையிலும் பட்டை சிறு மேடாக எழுந்து நிற்பது. அமெரிக்காவின் கிப்ஸன் நிறுவனக் கிதார்களில் இது பெயர் பெற்றது. கைக்கு வழவழப்பானதே, ஆயினும் பட்டை சுருங்கினால் இடுக்கில் தந்தி சிக்கும். மெட்டு மாற்றும்போது அம்மேடுகள் பெரும்பாலும் அழிந்துவிடும்.

பட்டைக்குரிய பொருளையும் பார்ப்போம். வீணையில் தந்தமும் மான்கொம்பும் இழைத்த காலம் உண்டு. இன்று அவ்விடத்தில் பிளாஸ்டிக் பட்டையே மிகுதி. ஆனையின் பெயர் தாங்கிய ஊரில் வாழும் நாம் தந்தத்தை நாட வேண்டியதில்லை. செல்லுலாய்டு ஆண்டுகள் செல்லச் சுருங்கி நொறுங்கும், எளிதில் தீப்பற்றும். பிளாஸ்டிக் மலிவு. யான் பரிந்துரைப்பது மரமே. ஈட்டிப் பலகையின் இரு ஓரங்களிலும் மெல்லிய கீற்று அறுத்தெடுத்து, மெட்டுப் பள்ளங்களை அறுத்தபின் அவற்றையே மீண்டும் ஒட்டிவிடலாம். நிறமும் இழையும் ஒத்துப்போம். ஒட்டே கண்ணுக்குத் தெரியாது. வேறு பட்டையாயின், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் என்றால், பலகையை மொத்தம் மூன்று மில்லிமீட்டர் குறைத்து அறுக்க மறவாதீர்.

உலகெங்கும் கிதார் செய்வோர் விரும்பும் ஈட்டி நம் மேற்கு மலைகளில் வளர்வது. அதனாலேயே அதற்குக் கட்டுப்பாடும் மிகுதி. 2017இல் ஈட்டி இனம் முழுமையும் பன்னாட்டு வணிக ஒழுங்குக்குள் வந்தது. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. நம் மண்ணில் மரம் வெட்டுவதற்கான சட்டம் தனியே உண்டு. தோட்டத்தில் கிடந்த துண்டுதானே என்று எடுத்துவந்து வழக்கில் சிக்க வேண்டா. உரிமம் பெற்ற கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துக.

ஏலத்தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்கு மரம் வாங்கித் தரும் பெற்றோர் நம்மிடையே உளர். அவர்கள் பணம் ஒரு பருவத்து அழகில் கரைந்துவிடலாகாது. முதற்கிதார் செய்வோர் பட்டையின்றிச் செய்க. கை தேர்ந்தபின் மரப்பட்டையின்மேல் மெட்டுப் படியும் இரண்டாம் வகையை மேற்கொள்க. பத்தாண்டு கழித்து மெட்டு மாற்றுபவர், செய்தவரை மனமார வாழ்த்துவார்.