வணிகர் பக்கம்: மின்கணக்கை யாரிடம் ஒப்படைப்பது?



கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் இரவெல்லாம் கணக்குப் பார்க்கிறோம். ஆனால், மாதந்தோறும் வரும் மின்கட்டணச் சீட்டை நம்மில் எத்தனை பேர் வரிவரியாகப் படிக்கிறோம்?

தமிழகத்தில் உயரழுத்த இணைப்புப் பெற்ற தோல் பதனிடும் ஆலைக்கோ குளிர்பதனக் கிடங்குக்கோ யூனிட் கணக்கு மட்டுமே கட்டணமன்று. ‘மாக்ஸிமம் டிமாண்ட்’ எனப்படும் உச்சத் தேவைக்கு கே.வி.ஏ. அளவில் தனிக் கட்டணம் உண்டு. பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே இறங்கினால் அதற்கும் ஈடு செலுத்த நேரும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கிடங்கில் தலா 60 கே.வி.ஏ. இழுக்கும் கம்ப்ரஸர்கள் மூன்று உள்ளன. மூன்றும் சேர்ந்து ஓடினால் தேவை 180. சரக்குக் கெடாத வகையில் இரண்டிரண்டாக முறைவைத்து ஓட்ட முடிந்தால் 120. மாதத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் சிறிது நேரம், மூன்றும் சேர்ந்து ஓடினாலும் அம்மாதச் சீட்டில் உச்சம் ஏறிவிடும். (ஒப்பந்த அளவையும் குறைத்துக்கொண்டால்தான் இச்சேமிப்பின் முழுப்பயனும் கிட்டும்.) அந்த ஒருநாளை நமக்குக் காட்டிக்கொடுப்பதே மின் கண்காணிப்புக் கருவியின் வேலை.

இக்கருவிகளைப் பொருத்தித் தரப் பல நிறுவனங்கள் முன்வருகின்றன. கையொப்பமிடும் முன் இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, எங்கே அளப்பார்கள்? நுழைவாயில் மீட்டரை மட்டும் அளப்பது, குடும்பச் செலவின் மொத்தத்தை மட்டும் எழுதிவைப்பது போன்றது. கம்ப்ரஸர், குளிர்சாதனம், விளக்கு என ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஆலை பூட்டிய இரவில் ஓடும் மின்சாரம் அப்போதுதான் பிடிபடும். காற்றுக்குழாயில் ஒரு கசிவு இருந்தாலும், நிறுத்த மறந்த கம்ப்ரஸர் விடியவிடிய ஓடிக்கொண்டேயிருக்கும்.

இரண்டாவது, அளவு சரிதானா? 200/5 விகித சி.டி. பொருத்திவிட்டுக் கருவியில் 100/5 எனப் பதிந்தால் கணக்குப் பாதியாகிவிடும். ஆகவே முதல் மாதம் மின்வாரிய மீட்டரோடு ஒப்பிட்டுக் காட்டிய பின்னரே முழுத்தொகை என எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, கணக்கு யாருடையது? ஒப்பந்தம் முடிந்து பிரியும் நாளில் பழைய பதிவுகள் அனைத்தையும் நம் கையில் தரவேண்டும். மாட்பஸ் போன்ற பொதுமுறையில் பேசும் மீட்டராயின், நாளை வேறு நிறுவனத்தை நாடினும் கருவியை மாற்ற வேண்டியதில்லை.

நான்காவது, மொத்தச் செலவு என்ன? கருவியின் விலையைக் குறைத்துச் சொல்லி மாதச்சந்தாவில் ஈடுகட்டுவோர் உண்டு. ஐந்தாண்டுச் செலவைக் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். இணையம் அறுந்தால் பதிவு கருவியிலேயே தங்குமா என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது, பொருத்துபவர் யார்? இது பணத்தைவிடப் பெரிது. மின்னோட்டம் உள்ளபோது சி.டி.யின் இரண்டாம் பக்கக் கம்பியைத் திறந்துவிட்டால் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் எழும். உரிமம் பெற்றவர், மின்சாரத்தை நிறுத்திவிட்டே இவ்வேலையைச் செய்யவேண்டும். ஒருநாள் வியாபாரம் போகிறதே என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

“முப்பது சதவீதம் மிச்சம் நிச்சயம்” என்பாரிடம் ஒன்று கேளுங்கள்: எந்த மாதத்தோடு ஒப்பிட்டு? கோடையையும் மழைக்காலத்தையும் ஒப்பிட்டால் எவரும் மிச்சம் காட்டலாம்!

இறுதியாக ஒரு சொல். கருவி சேமிப்பதில்லை, காட்டுகிறது. அதைத் தினமும் பார்த்து, கண்டதைத் திருத்த ஒருவரைப் பொறுப்பாக்காவிட்டால், கருவிக்குக் கொடுத்த பணமும் வீண்விரயக் கணக்கிலேயே சேரும். இன்றிரவே சென்ற 12 மாதச் சீட்டுகளை எடுத்து வைத்து உச்சத் தேவையைக் குறித்துப் பாருங்கள். யாரை அழைப்பது என்பதற்கு முன், எதற்காக அழைக்கிறோம் என்பது தெளிவாகும்.